கொடிமலையில் ஓடத் தொடங்குவது பற்றி: முட்டி வலித்த சகோதரிக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 36, மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. சமதரையில் 10 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஜீப் பாதையில் கொடிமலை ஏறியபோது பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கி, மீதி வழியெல்லாம் நடந்தீர்கள். அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டுவதுபோல் இறங்கும்போது அதே தார்ப்பாதையில் ஓடி இறங்கினீர்கள். அப்புறம் மூன்று நாள் வீட்டுப் படிக்கட்டை இறங்க முடியவில்லை, முட்டியும் வலித்தது. மலை ஓட்டம் உங்களுக்கு ஒத்துவருமா, எந்தக் காலணி வாங்கலாம், ஆறு மாதத்தில் 25 கிலோமீட்டர் மலைப் பந்தயம் ஒன்றில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 52 வயதில் பைபாஸ் ஆனதையும், தனியாகப் போக வீட்டில் தயங்குவதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, சமதரையில் நன்றாக ஓடுகிற உடம்பு மலையில் ஏன் தடுமாறியது, அதைப் பழக்கிக் கொண்டுவர முடியுமா என்பதுதான். முடியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். பினாங்கில் பல வருடமாக ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்த்து வருகிறேன், வார இறுதியில் நானும் அதே மலையில்தான் இருப்பேன். ஆனாலும் உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்க்காமல் அதில் இன்ன கோளாறு என்று சொல்ல மாட்டேன். பொதுவாக என்ன நடக்கிறது, என்ன செய்யலாம், எப்போது நேரில் காட்ட வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஏற்றத்தைத்தான் பயப்படுகிறார்கள். என்னிடம் காலைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலானோர் கெட்டது இறக்கத்தில். காரணம் எளிது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. அதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும், மூச்சு வாங்குகிறது, நீங்களாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறீர்கள். இறங்கும்போது அதே தொடைத் தசை இழுபட்டு நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த வகை உழைப்புக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் செலவாகும், ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். அதாவது ஏற்றத்தில் மூச்சு உங்களை எச்சரிக்கிறது. இறக்கத்தில் எச்சரிக்க எதுவுமே இல்லை. சுகமாக இருக்கிறது, வேகம் கூடுகிறது, வலி மறுநாள்தான் வருகிறது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்தைத் தொடும். உங்களுடைய மூன்று நாள் கணக்கு அப்படியே இதில் பொருந்துகிறது.

இதில் நல்ல செய்தியும் உண்டு, இது சந்தேகமில்லாமல் நிரூபணமானது. அந்த மாதிரி உழைப்பை ஒருமுறை பார்த்துவிட்ட தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு சேதமடைவதில்லை. இந்தப் பாதுகாப்பு சில வாரங்களாவது நீடிக்கும். அதைப் பெற மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை ஓடி இறங்க வேண்டியதில்லை, சின்ன அளவே போதும். ஆகவே இறக்கத்தை மருந்துபோல அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். புதியவருக்கு நான் கொடுக்கும் மொத்த ஆலோசனையும் இதைச் சுற்றித்தான்.

இந்த விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1923-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மலை ரயில்தான் அது. மற்ற மலைகளில் ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கே ஏற்றத்தை முழுமையாகப் பழகிவிட்டு, ரயிலில் உட்கார்ந்து ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கிவிடலாம். முதல் மூன்று நான்கு வாரம் அப்படியே செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள் ஜீப் பாதையில் மேலே வரை போங்கள், ரயிலில் இறங்குங்கள். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாள்களும் உண்டு, கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். முட்டி கெட்டு ஒருமுறை கிளினிக் போனால் அதைவிட அதிகம் ஆகும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து இறக்கத்தைச் சேர்க்கலாம். ஜீப் பாதையில் ஏறத்தாழ நடுவழியில் ‘84’ என்று எல்லாரும் சொல்லும் தேநீர்க் கொட்டகை இருக்கிறதே, அதுவரை ஏறி, அங்கிருந்து மூன் கேட் பக்கம் இறங்கும் காட்டுப்பாதையில் நடந்தும் மெல்ல ஓடியும் இறங்குங்கள். மண்பாதையில் வேர், கல், படி என்று மாறி மாறி வருவதால் வேகம் தானாகவே அடங்கும். ஜீப் பாதை நேர் எதிர். ஒரே மாதிரியான, செங்குத்தான, கெட்டியான தார். ஒவ்வொரு அடியும் ஒரே இடத்தில் ஒரே விதமாக விழுகிறது. நீங்கள் முதல் நாளே ஓடி இறங்கியது அந்தப் பாதையில்தான். அதில் ஓடி இறங்குவதைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள். மேலே ஏற அது அருமையான பாதை. மலையில் குடியிருப்பவர்களின் ஜீப்புகள் வளைவில் திடீரென்று வரும், காதில் பாட்டு வேண்டாம்.

எப்படி இறங்குவது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். கேமரன் மலைப் பாதையில் லாரி ஓட்டுபவர் சின்ன கியரில் போட்டு இறங்குவார், பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். உங்கள் சின்ன கியர், குட்டி அடிகள். அடி நீளமானால் கால் உடம்புக்கு முன்னால் போய் விழும், முட்டி நேராக இருக்கும், முழு எடையும் அங்கே மோதும். அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பயத்தில் பின்னால் சாயாதீர்கள். சாய்ந்தால் குதிகால் முதலில் படும், ஈர மண்ணில் வழுக்கி விழுவது பெரும்பாலும் அப்படித்தான். கண் காலடியைப் பார்க்காமல் மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்கட்டும். கைகளைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது, சமநிலை கிடைக்கும்.

மலைக்குப் போகாத நாளில் வீட்டிலேயே செய்ய ஒரு பயிற்சி. அடுக்குமாடி வீடென்றால் படிக்கட்டு வாசலிலேயே இருக்கிறது. ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாகக் கீழ்ப்படி வரை இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது, கண்ணாடி முன்னால் செய்தால் தெரியும். காலுக்கு எட்டு முறை, மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள். கூடவே படியோரத்தில் முன்பாதத்தால் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் அது நல்லது. தசையும் மூச்சும் சில வாரத்தில் தேறிவிடும், தசைநார் அதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு வாங்குவது நின்றுவிட்டது என்று வேகத்தைக் கூட்டும் இரண்டாவது மாதத்தில்தான் குதிகால் வலியோடு நிறையப் பேர் வருகிறார்கள்.

இப்போது ஏற்றம். இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடங்கள். வெட்கப்படாதீர்கள், உலகத்தின் தேர்ந்த மலை ஓட்டக்காரர்களும் செங்குத்தான இடத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் சரிவு போய்விட்டால், ஒரே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்கே குறைந்த சக்தி செலவாகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளங்கையைத் தொடைமேல் ஊன்றி, குட்டி அடி வைத்து ஏறுங்கள். வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். 180-இலிருந்து வயதைக் கழி என்று ஒரு இதயத்துடிப்புக் கணக்கு சுற்றுகிறது. அது ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். படிகள் வேண்டுமென்றால் தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகள் இருக்கின்றன. விடிகாலையில் ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்குவதே நல்ல பயிற்சி. நிறுத்துகடிகாரத்தோடு பக்தர்களை இடித்துக்கொண்டு ஓடும் இடம் அது இல்லை, அவ்வளவுதான் என் வேண்டுகோள். கோலாலம்பூரில் இருந்து இதைப் படிப்பவர்கள் புக்கிட் காசிங்கிலோ புக்கிட் கியாராவிலோ தொடங்கலாம். புக்கிட் தாபூர் பாறை முகடு ஓட்டம் பழகும் இடமல்ல, அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

கிலோமீட்டர் கணக்கை மலையில் விட்டுவிடுங்கள். மலை ஓட்டப் பந்தயங்களை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான ஐடிஆர்ஏ, தூரத்தோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கிலோமீட்டர் கூட்டிக் கணக்கிடுகிறது. ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டருக்கு மேல். ஆக, மேலே போவது மட்டுமே 11 கிலோமீட்டருக்குச் சமம். நீங்கள் வழக்கமாக ஓடும் முழுத் தூரத்தைவிட அதிகம். நடக்கும் நேரத்துக்கு இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி ஜீப் பாதை ஏற இரண்டு மணி நேரம். சுறுசுறுப்பாக நடப்பவர் அதற்கு முன்பே மேலே போய்விடுவார், ஆனாலும் புதியவர் திட்டமிட நல்ல கணக்கு. உங்கள் வாரத்தையும் நேரத்திலும் ஏற்றத்திலும் எழுதி வையுங்கள்.

இனி உறுதியில்லாத விஷயங்கள். காலணியில் தொடங்குகிறேன். ஈரக் களிமண்ணில் அடிப்பாகத்தின் பிடிப்பு முக்கியம், இதில் இரண்டாம் கருத்து இல்லை. இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காமல் இருக்க, நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இடமில்லையென்றால் நகம் கறுத்து விழும். இதற்கு மேல் கடைக்காரர் சொல்லும் எதையும் பாதிதான் நம்புவேன். பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற காலணி கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்க ராணுவப் பயிற்சியில் சோதித்தார்கள், குறையவில்லை. மெத்தை கனமாக இருந்தால் முட்டி பிழைக்கும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. போட்டு ஓடிப் பார்த்து, காலுக்கு இதமாக இருப்பதை வாங்குங்கள். நம் ஊரில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லமாக அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி இருக்கிறதே, பால்மரம் வெட்டியவர்கள் தோட்டத்தில் போட்டது, அதைப் போட்டு மலையில் பறப்பவர்கள் நிறையப் பேர். பிடிப்பு அற்புதம், தண்ணீர் நிற்காது, விலையும் கொஞ்சம். ஆனால் அடிப்பாகம் மெல்லியது. தார்ப்பாதை கலந்த பினாங்கு வழிகளில், பழகாத காலுக்கு முதல் காலணியாக அதைச் சொல்ல மாட்டேன்.

ஓடுவதற்கு முன் தசையை நீட்டிப் பிடித்து நிற்பது மறுநாள் வலியைக் கணிசமாகக் குறைப்பதில்லை, இதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். செய்தால் கெடுதல் இல்லை, அதை நம்பி இறக்கத்தில் பாயாதீர்கள். வாரம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதியும் அப்படித்தான். நெதர்லாந்தில் புது ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டச் சொன்னார்கள், காயங்களில் வித்தியாசம் வரவில்லை. என் அனுபவத்தில், புது வகை உழைப்பு திடீரென்று வருவதுதான் ஆளைக் கெடுக்கிறது. இது நான் பார்த்ததிலிருந்து சொல்வது, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

முட்டிக்கு வருகிறேன். முட்டிச் சில்லைச் சுற்றி, படி இறங்கும்போது மட்டும் வலித்து, ஒரு வாரத்தில் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் பாரம் அதிகமானதுதான். பயிற்சியும் பொறுமையும் போதும். வெளிப்பக்கம் சுருக்கென்று குத்தி, ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் வந்தால் அது வேறு கதை, காட்டிவிடுங்கள். வீக்கம், முட்டி பூட்டிக்கொள்வது, நிற்கும்போது முட்டி திடீரென்று மடங்கிவிடுவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, கடுமையான இறக்கத்துக்குப் பிறகு தொடை கல்லாக இறுகி, சிறுநீர் கோக்கோ கோலா நிறத்தில் போனால் அதே மணி நேரம் மருத்துவமனைக்குப் போங்கள். உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. அரிதுதான், ஆனால் வெயிலும் புது இறக்கமும் சேர்ந்த நாளில் வரக்கூடியது.

அப்பாவின் பைபாஸ் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனி அபாயமாகவே கணக்கிடுவார்கள். நம் சமூகத்தில் சர்க்கரை நோயும் அதிகம். மலையில் சேரும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்து, அப்பாவின் வயதைச் சொல்லி, ஓடவிட்டு எடுக்கும் இசிஜி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் நேராக மலைக்குப் போவதையும் தவிருங்கள். விழுந்து அடிபட்டு வருபவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பதில் அநேகமாக அதே.

வெயில், மழை இரண்டும் இங்கே மலையைவிடப் பெரிய எதிரி. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, உடம்பு குளிராது. தாகத்துக்குக் குடியுங்கள். பயந்து பயந்து லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் சின்ன வாழைப்பழம், பேரீச்சம்பழம், கொஞ்சம் உப்புக் கடலை போதும். கூட வருபவர் உளறினாலோ தள்ளாடினாலோ முதலில் கையில் உள்ள தண்ணீரையெல்லாம் அவர்மேல் ஊற்றி விசிறுங்கள், கூடவே ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அதில் வரும். காட்டுக்குப் போன ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆனால் நமக்கு விடிவதே ஏழு மணிக்கு மேல். ஆறரைக்கு ஏறினால் தலைவிளக்கு அவசியம்.

தனியாகப் போவது பற்றி உங்கள் வீட்டார் தயங்குவதில் நியாயம் இருக்கிறது, அது பெண் என்பதால் மட்டும் அல்ல. காட்டுப்பாதையில் கணுக்கால் பிசகினால் யாரும் தனியாக இறங்க முடியாது. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். வார இறுதிக் காலையில் ஜீப் பாதையில் ஆள் நடமாட்டம் எப்போதும் உண்டு. தனியாகப் போக வேண்டுமென்றால் அதில் போங்கள். மூன் கேட் போன்ற காட்டுப்பாதைகளுக்கு ஒரு துணையாவது வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள், இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு அதைச் சாப்பாடு என்றே நினைக்கும்.

கடைசியாகப் பந்தயம். 25 கிலோமீட்டர் என்ற எண்ணை விட்டுவிட்டு, மொத்த ஏற்றம் எவ்வளவு, கால எல்லை எவ்வளவு என்று பாருங்கள். 1000 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நைஸ்மித் கணக்கில் 25 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், ஏற்றத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம், ஆக 6 மணி 40 நிமிடம். கால எல்லை எட்டு மணி நேரமாக இருந்தால், பெரும்பாலும் நடந்தே முடித்துவிடலாம், ஆறு மாதம் தாராளம். ஆறு மணி நேரமென்றால் இறக்கங்களில் ஓடித்தான் ஆக வேண்டும், அதற்கு உங்கள் தொடை தயாரா என்பது நான்காவது மாத முடிவில் தெரிந்துவிடும். கொடிமலை உச்சிவரை ஏறி, காட்டுப்பாதையில் முழுக்க இறங்கி, இரண்டு நாள் கழித்து வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால் பணத்தைக் கட்டுங்கள். முடியவில்லையென்றால் பாதித் தூரப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், முதல் பந்தயத்துக்கு அதுவே போதும்.